கை பழகிய நாள்

“இன்னைக்கும் மாமரத்துல விழுந்துச்சுன்னா, ஏரோப்ளேனை நானே கோயமுத்தூருக்குத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன் மாப்ள. அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

சின்னையன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிச்சைமணி மாமரங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

தரையில் நின்றபடி கன்ட்ரோல் பெட்டியால் ஓட்டும் அந்தக் குட்டி விமானம், மச்சான் சின்னையன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. ஆனால் முதலமடைத் தோப்புக்கு வந்த பிறகு அது வானத்தில் இருந்ததைவிட மாமரத்தில் இருந்ததுதான் அதிகம். தொரட்டியால் அதை இறக்கி இறக்கித் தோப்புக் காவல்காரர் சுருளிவேலுக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது. பூவும் பிஞ்சும் உதிர்கிறதே என்று பிச்சைமணியின் மனைவி மருதாத்தாளுக்குக் கோபம் வேறு.

“பெட்டியில இருக்கற குச்சியைப் போட்டு ரொம்ப ஆட்டறீங்க மாப்ள. கையைக் கொஞ்சம் அடக்குங்க.”

“ஆட்டாம அது எப்படித் திரும்பும் மச்சான்?”

சின்னையன் எஞ்சினைக் கிளப்பி, விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கி வீசினான். பிச்சைமணி பெட்டியை இறுகப் பிடித்தான். இன்றைக்கு அதுகூடக் கையில் லேசாக இருந்தது. நம்பிக்கை வந்துவிட்டால் எல்லாமே லேசாகிவிடும் போலிருக்கிறது.

விமானம் சீராக மேலே ஏறியது. அவன் குச்சியைச் சாய்க்கச் சாய்க்க, தென்மலையைப் பார்த்து ஒரு பெரிய வட்டம், பிறகு இன்னொன்று. கடைசியில் எண்ணெய் தீர்ந்து, கொக்கு இறங்குவதுபோலத் தரிசில் மெல்ல வந்து உட்கார்ந்தது. ஓர் இலைகூட உதிரவில்லை.

“நீங்களே வெச்சுக்குங்க மாப்ள. கை பழகிருச்சு” என்று தோளில் தட்டினான் மச்சான். சுருளிவேல் தொரட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

வீட்டில் டிரான்சிஸ்டர் சிலோன் பாட்டைக் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. மருதாத்தாள் அண்ணனுக்கு மோர் கொண்டுவந்தாள். பிச்சைமணி பெட்டியும் கையுமாக அவள் முன்னால் நின்று, எந்தக் குச்சியை எப்போது எவ்வளவு சாய்த்தான் என்று நடித்தே காட்டினான்.

அவள் பெட்டியையே பார்த்தாள்.

“ஏனுங்க, இதை வெச்சுட்டா பறக்க விட்டீங்க? நேத்து ரேடியோ நின்னுபோச்சுன்னு, காலையிலயே இதுல இருந்த பேட்டரிக் கட்டையெல்லாம் கழட்டி அதுல போட்டுட்டனுங்களே!”

சின்னையனுக்கு மோர் புரையேறியது.