நானூற்றுப் பன்னிரண்டாவது படம்

பால்தொமேரோ வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு படத்தை மேசைமேல் வைத்தார்.

கைரேகை பட்டால் வரலாறு அழிந்துவிடுமாம். ஆறு வருடமாக அந்தப் படத்தை வேறு யாரும் தொட்டதில்லை.

தொடுவதற்கு ஆளும் இல்லை. லாஸ் தோர்காஸ் இரயில் வரலாற்று அன்பர் கழகத்தில் மிஞ்சியது இரண்டே பேர். தலைவர் அவர்; பொதுக்குழு சுலேமா.

ரயில் நின்றுபோன ஸ்டேஷனின் காத்திருப்பு அறையை நகராட்சி சும்மா விட்டுவைக்கவில்லை. பழைய படங்கள் எந்தெந்த ஊர் என்று கண்டுபிடித்து முடிக்கும்வரைதான் அது கழகத்துக்கு. நானூற்றுப் பதினொன்று முடிந்தாயிற்று. இதற்கும் ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டால் அறைக்குப் பூட்டு. அவர்கள் கூடுகிற சனிக்கிழமைகளுக்கும்.

படத்தில் ஒரு பிளாட்பாரம், இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டி, நடுவில் மீசை முறுக்கிய ஸ்டேஷன் மாஸ்டர்.

“தொட்டிக்குக் கால் செங்கல்லு, கவனிச்சீங்களா செனோரா? சந்தேகமே வேணாம், இது தெற்கு லைன்தான்!” என்று தீர்ப்பளித்தார் தலைவர்.

“போன வாரம் மேற்குன்னீங்க, அதுக்கு முந்தி வடக்கு. அடுத்த வாரம் கடலுக்குள்ள தேடுவோமா தலைவரே?” என்று சுலேமா மாத்தே தேநீர்க் குடுவையை நீட்டினாள்.

ஒரே குடுவை, ஒரே குழல்; ஆள் மாற்றி ஆள் உறிஞ்சுவது. திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால், எனக்குப் போதும் என்று அர்த்தம்.

நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவள் சுலேமா. மாஸ்டரின் கோட்டில் பொத்தான்கள் பெண்பிள்ளைச் சட்டை மாதிரி இடப்பக்கம் இருந்ததை முதல் நாளே பார்த்துவிட்டாள். படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். நேராக்கிப் பார்த்தால், இதோ இந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கிற அதே தொட்டி.

அதைப் பற்றி அவரிடம் அவள் மூச்சு விடவில்லை.

மின்விசிறிக் காற்றில் படம் பறந்து அவள் காலடியில் குப்புற விழுந்தது. தலைவர் பாய்ந்தார். முழங்கால் பாயவில்லை.

சுலேமா எடுத்தாள். பின்பக்கம் பென்சிலில், கொம்பும் சுழியுமாகத் தலைவருடைய கையெழுத்து:

‘நம் ஸ்டேஷனேதான். இடவலம் மாறிய பிரதி.’

கீழே தேதி. ஆறு வருடத்துக்கு முந்தையது.

அவள் படத்தை நிமிர்த்தி மேசையில் வைத்தாள். தெற்கு லைனில் பார்க்காத ஸ்டேஷன் இன்னும் பதினேழு இருப்பதாக நினைவூட்டினாள்.

தலைவர் கையுறையைக் கழற்றினார். குடுவையைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி, திருப்பி நீட்டினார்.

நன்றி மட்டும் சொல்லவில்லை.