உறை பிரிக்காத கார்

பழைய கார்களை இப்போது யாரும் ஓட்டுவதற்கு வாங்குவதில்லை. அவை உள்ளே பதிவு செய்து வைத்திருக்கும் பேச்சுக்காக வாங்குகிறார்கள். குடும்பச் சண்டை, பாட்டு, குழந்தையின் அழுகை எல்லாமே விலை போகும். அதைக் கேட்டு மதிப்பிடுவது என் வேலை.

கோவை மோகன்பிரபு முப்பத்தைந்து வருடமாகச் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், காரைத் துடைத்துத் துடைத்தே கிழவரான ஆசாமி.

“ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்!” என்றார்.

பதிவை ஓடவிட்டேன். அத்தனை வருடமும் துணியால் துடைக்கும் சத்தம்தான். நடுவில் ஒரே ஒருமுறை ஒரு பெண் குரல்: “ஏனுங்க, பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. கதவத் தொறங்க.”

அடுத்து இவர் குரல்: “சீட்டு நனஞ்சிரும். நீ ஆட்டோல போ.”

காபி கொண்டுவந்த அவர் மனைவி சிந்துஜா, டம்ளரை என் கையில் கொடுத்தார்.

“இதுல விலை போறது இந்த ரெண்டு வரி மட்டுந்தான்” என்றேன்.

மோகன்பிரபுவின் முகம் மலர்ந்தது. மனைவியிடம் திரும்பினார்.

“பாத்தியா? அன்னைக்கு உன்னைய ஏத்தியிருந்தா இது கெடச்சிருக்குமா?”