சின்னப்பா நிறுத்திய சத்தம்

யூனுஸ் கைப்பிடியை முறுக்கிவிட்டுத் தளர்த்தியதும் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் வெடித்தது. எதிர்ப்புறம் தேநீர்க்கடை வைத்திருந்த அலி அக்பரின் சேவல் கூரைமேல் ஏறிக்கொண்டது.

"நோம்பே இன்னும் வரல, அதுக்குள்ள நோம்பு தொறக்கப் பீரங்கியா மாப்ளே?" என்று கடைக்குள்ளிருந்து கத்தினார் அலி அக்பர்.

யூனுஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் ரிக்‌ஷா ஒன்று காத்து நின்றது. அவன் மனைவி ஹஸீனா, பண்டார் ஹிலிரில் இருக்கும் தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு அதில் வந்திறங்கி, வண்டியை அனுப்பிவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பிரசவத்துக்குப் போனவள். நாற்பது நாள் கழிந்து மாதங்கள் ஆகியும் கஜா பெராங்கில் இருக்கும் புருஷன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. "அந்தச் சத்தம் நிக்கிற அன்னைக்கு வர்றேன்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். இன்றும் நிற்காவிட்டால் வந்த ரிக்‌ஷாவிலேயே போய்விடுவாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. முதல் பிள்ளை வலிப்பு கண்டு இறந்துபோனது. பிள்ளை எதற்கோ பயந்திருக்கிறது என்றாள் மருத்துவச்சி. எதற்கு என்று சொல்லவில்லை. பயப்படும்படியாக அந்த வீட்டில் வேறெதுவும் இல்லாததால் எல்லாரும் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்கள். யூனுஸும் பார்த்தான். அதை விற்றுவிட்டால் அவன் வியாபாரத் துணிமூட்டை தானாக நடந்து தோட்டங்களுக்குப் போகாது.

ஆகவே இரண்டாவது பிள்ளை மைமூனுக்குப் பிறந்ததிலிருந்தே ஓதிய தண்ணீர். எதற்கும் திடுக்கிடக் கூடாது என்று லெப்பையிடம் கேட்டு ஓதி வாங்கியது. மைமூன் திடுக்கிட்டதே இல்லை. சட்டி விழுந்தாலும் கதவு அறைந்தாலும் அசைய மாட்டாள். பண்டார் ஹிலிர்த் தாய்மார்கள் செம்பும் கையுமாக அந்த லெப்பையின் வீட்டை மொய்த்தார்கள்.

இன்று கம்போங் செட்டியிலிருந்து மெக்கானிக் சின்னப்பாவைக் கூட்டி வந்திருந்தான் யூனுஸ். சின்னப்பா மலாய் மொழியில்தான் பேசுவார்; அண்ணனுக்கு 'அபாங்', முதலாளிக்கு 'தவ்க்கே'. திட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் தமிழ் வைத்திருந்தார்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்றார் அலி அக்பர்.

"பெட்ரோல்ல தண்ணி இல்ல, அபாங். அது உங்க கடைப் பால்லதான்" என்றார் சின்னப்பா.

சின்னப்பா சுருட்டைப் பற்றவைத்து, எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் மூட்டருகே பிடித்தார். புகை மேலே போகாமல் மூட்டுக்குள் இழுபட்டது.

"இங்க காத்து உள்ள போகுது. எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ள காத்தைப் பார்த்ததும் வெடிக்குது. இன்னொரு தடவ முறுக்கு, தவ்க்கே."

வெடித்தது. ஹஸீனாவின் தோள்கள் தூக்கிப்போட்டன. கண்ணேறு படாமலிருக்க அவள் துப்பட்டிக்குள் மூடி வைத்திருந்த பிள்ளையிடம் ஓர் அசைவும் இல்லை.

"அசையுதா பாரு!" என்றார் அலி அக்பர். "லெப்பை தண்ணின்னா சும்மாவா!"

"நல்லாத் தூங்குறா" என்றான் யூனுஸ், தானே ஓதிய மாதிரி.

ஹஸீனாவும் சிரித்தாள். பிறகு துப்பட்டியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

மூட்டுக்குள்ளிருந்த செம்பு வளையம் கரிந்து பாதியாகியிருந்தது. சின்னப்பா புதியதைப் பொருத்தி முடுக்கினார். யூனுஸ் உதைத்தான், முறுக்கினான், விட்டான். புகைக்குழாய் புஸ்ஸென்று அடங்கியது. மறுபடி முறுக்கி விட்டான். மறுபடியும் புஸ்.

யூனுஸ் ஓடிப்போய் அவள் பெட்டியை இறக்கிவிட்டு ரிக்‌ஷாவை அனுப்பினான்.

"உள்ள வா புள்ள. இனிமே எலிகூட முழிக்காது."

ஹஸீனா எழுந்திருக்கவில்லை.

"மச்சான், இன்னொரு தடவ வெடிக்க வைங்க."

"என்ன, கேலியா? நீதானே நிப்பாட்டச் சொன்னே. பிள்ளை முழிச்சுக்கும்."

"அவ தூங்கல."

துப்பட்டியை முழுதாக விலக்கினாள். மைமூன் விழித்த கண்களோடு தன் கைவிரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"வந்ததுலேருந்து தூங்கவே இல்ல, மச்சான்."

யூனுஸ் குனிந்து பிள்ளையின் காதைப் பார்த்தான். பிறந்த அன்று அந்த வலது காதில் அவன்தான் பாங்கு சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று.

சின்னப்பா சூடான மூட்டில் துணியைச் சுற்றிப் பிடித்து, தான் முடுக்கியதைத் தானே கழற்றினார். புது வளையத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குழாயைத் தொளதொளவென்று மாட்டினார்.

யூனுஸ் முறுக்கும் மட்டும் முறுக்கிவிட்டுக் கையை எடுத்தான்.

தெருவே குலுங்கியது. ஹஸீனாவின் உடம்பு அதிர்ந்தது. அவள் மடியில் மைமூன் சுண்டுவிரலை வாய்க்குள் கொண்டுபோக வழி தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு" என்றாள் ஹஸீனா.

வெடித்தது.

"இன்னொண்ணு, மச்சான்."

எதிர்க்கடையிலிருந்து அலி அக்பர் வெளியே வந்து இடுப்பில் கை வைத்தார். "என்ன சின்னப்பா, காலையிலேருந்து குடையுறே, ஒரு சத்தத்த நிப்பாட்டத் தெரியலையா ஒனக்கு?"

சின்னப்பா யூனுஸின் முகத்தைப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"தெரியல, அபாங்."