தொண்ணூற்றஞ்சுன்னு போடுங்க!

"எனக்கு ஆயுசு தொண்ணூற்றஞ்சுன்னு போடுங்கம்மா!" என்றார் கெத்தின், மார்பைத் தட்டிக்கொண்டு.

கேரிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். ஸ்வான்சீயில் விவாகரத்துக்கு வருபவர்களின் ஓய்வூதியத்தை மதிப்பிடுவது அவள் வேலை. ஆள் எத்தனை காலம் இருப்பாரோ, அத்தனைக்கு மதிப்பு கூடும். பாதி மனைவிக்கு. அதனால் அந்த நாற்காலியில் உட்காரும் ஆண்களுக்கெல்லாம் திடீரென்று இருமல் வந்துவிடும். இவர் என்னடாவென்றால் தலைகீழ்!

"ஓய்வூதிய மதிப்பு கூடினா, அந்தப் பாதிக்கு ஈடா வீடு முழுசா உங்க மனைவிக்குப் போயிடும். குறைஞ்சா வீட்டை வித்துப் பங்கு போடணும். புரியுதில்ல?"

"நல்லாவே புரியுது. முப்பது வருஷம் தீயணைப்பு வண்டியில ஓடின உடம்பும்மா. இரும்பு!"

"ஆமா, துருப்பிடிச்ச இரும்பு!" என்று வெடித்தார் பக்கத்து நாற்காலியிலிருந்த மனைவி நெரிஸ். "இந்த மாடிப்படி ஏறுறதுக்குள்ள மூணு தடவை நின்னே. பொய் சொல்றான், நம்பாதீங்க."

"ஏய், உன் சோத்துல நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்காதே!"

"என் சோறு இருக்கட்டும். நீ சாப்பிடறியா இல்லையா? சட்டை தொங்குது."

"வறுத்த மீன் கடைக்கு மேல குடியிருக்கேன். சாப்பாட்டுக்கா பஞ்சம்?"

கேரிஸுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாய்ப் பிரிந்திருப்பவர்கள், ஆளுக்கு ஆள் தன் வாயாலேயே நஷ்டம் தேடுகிறார்களே!

காரை நிறுத்திய இடத்தில் காசு போட வேண்டுமென்று கெத்தின் இறங்கிப் போனார். கதவு சாத்தியதும் நெரிஸ் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"முகவரியை மாத்தணும்கிற புத்திகூட கிடையாது. ஆஸ்பத்திரிக் கடுதாசி பழைய வீட்டுக்கே வந்துடுச்சு, பிரிச்சுப் பாத்துட்டேன். நுரையீரல்ல கட்டி. திங்கட்கிழமை வந்து சேரணுமாம். வீடு எனக்கே கிடைக்கணும்னு இரும்பாம், இரும்பு!"

கேரிஸ் கடிதத்தை எடுத்துப் படித்தாள். "அப்போ... மதிப்பைக் குறைச்சுப் போடவா?"

"ஒண்ணுமே போட வேண்டாம்." நெரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான். இங்கேதான் கையில சிக்குவான்னு வந்தேன். விவாகரத்து மனுவை வாபஸ் வாங்க நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன். அதை நீங்களே சொல்லிடுங்கம்மா, நான் சொன்னா சண்டைக்கு வருவான்!"