ஜன்னலோர இருக்கை

முப்பத்து மூன்று இருக்கைகளோடு பேருந்து நிலையத்தில் நின்றிருந்த அந்த நகரப் பேருந்தில் மூன்றே மூன்று இடம்தான் காலி. பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"ஏன்யா இவ்ளோ லேட்டு? ஏறு, ஏறு. ஜன்னலோரமாப் போய் உக்காரு" என்று முதுகில் தட்டி ஏற்றிவிட்டார் கண்டக்டர். டிக்கெட் கூடக் கேட்கவில்லை. 'பயணிகளிடம் அக்கறை: மிக நன்று' என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

நான் நைரோபியிலிருந்து வந்த ஆய்வாளன். பேருந்துகள் முக்கால்வாசியாவது நிரம்பினால்தான் இந்த ஊருக்கு அடுத்த வருட அரசு நிதி. அதை என் அறிக்கைதான் முடிவு செய்யும்.

போன வருடம் இன்னொரு ஊருக்குக் கோட்டும் டையுமாகப் போனேன். எனக்காகவே ஒரு தேவாலயப் பாடகர் குழுவைக் கொண்டுவந்து பேருந்தை நிரப்பியிருந்தார்கள். நான் அவர்கள் பாட்டுக்குத் தாளமும் போட்டு, அறிக்கையில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

"முத்தோகா, இன்னொரு தடவ ஏமாந்தீங்கன்னா பழைய பேப்பர் குடோன்லதான் உங்களுக்கு நாற்காலி" என்று சொல்லியே அனுப்பியிருந்தார் மேலதிகாரி அகோத் அம்மையார்.

அதனால்தான் இந்த முறை மாறுவேடம். முழங்கை கிழிந்த ஜாக்கெட், தேய்ந்த செருப்பு, நான்கு நாள் தாடி. வாசலில் நின்ற என்னைப் பார்த்து என் மனைவியே, "இங்க வேலை எதுவும் இல்லப்பா, போ" என்றுவிட்டாள். அப்படியொரு பொருத்தம்.

எண்ணினேன். என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேர். ஒரு அம்மாள் அவகாடோ கூடையோடு ஏறினார். முன் இருக்கைக்காரர் "மண்டாஸி தின்னுட்டு வரேன்" என்று இறங்கிப் போனார். ஒரு மாணவி ஏறினாள்; பின்னாலிருந்த ஒருவர் போன் பேசிக்கொண்டே இறங்கினார்.

மறுபடி எண்ணினேன். அதே முப்பத்தொன்று! என் எண்ணிக்கை என்றைக்குத் தப்பியிருக்கிறது?

பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "தினமும் இந்த பஸ்தானாண்ணே?"

"ரெண்டு வருஷமா இதேதான் தம்பி. சீட்டு மெத்துமெத்துன்னு இருக்கும்."

"எங்க எறங்குவீங்க?"

அவர் கடகடவென்று சிரித்தார். "எறங்கறது நம்ம கையிலயா இருக்கு?"

'பயணிகள் ஆழ்ந்த சிந்தனையாளர்கள்' என்று அதையும் குறித்துக்கொண்டேன். இரண்டு வருட வாடிக்கையாளரே சாட்சி சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? அம்மையாருக்குச் செய்தி அனுப்பினேன்: "பாடகர் குழு இல்லை. முழுக்க முழுக்க நிஜப் பயணிகள். நிதியைத் தாராளமாகக் கொடுக்கலாம்."

உடனே பதில் வந்தது. "சபாஷ் முத்தோகா. ஒப்புதல் கொடுத்தாச்சு."

கண்ணில் நீரே வந்துவிட்டது. அவர் வாயிலிருந்து சபாஷ் கேட்க நான் பதினோரு வருடம் காத்திருந்தேன். இனி குடோன் பயம் இல்லை.

அப்போது பெட்டியும் கையுமாக ஒரு கணவனும் மனைவியும் ஏறினார்கள். கண்டக்டர் நேராக எங்களிடம் வந்தார். என் கையில் ஒரு இருபது ஷில்லிங் காசு, பக்கத்திலிருந்தவர் கையில் ஒரு இருபது ஷில்லிங் காசு வைத்தார்.

"டிக்கெட் வாங்குற ஆளுங்க வந்தாச்சு, எந்திரிங்க, பின்னால அடுத்த பஸ் காலியா நிக்குது, ரெண்டு பேரும் போய் அதுல உக்காருங்க!"