மூன்றாம் தரம்

சோரியாங்குப்பத்தில் யார் செத்தாலும் மைக் ஆட்டோ ஹபீப் முகமதுதான் ஊருக்குச் சொல்வார். எதையும் மூன்று தரம் சொல்வது அவர் கொள்கை. முதல் தரம் காதில் விழ, இரண்டாம் தரம் யாரென்று விளங்க, மூன்றாம் தரம் நம்ப.

எங்கள் எதிர்வீட்டுக் குழந்தைவேலும் மூன்று தரம் கூப்பிட்டால்தான் "இன்னா" என்பார். படுக்கையில் விழுந்து வருடக்கணக்கான பிறகும் அந்த மிடுக்கு குறையவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு மனைவி அருள்மொழிக்குத் தொண்டையும் போயிற்று, தூக்கித் தூக்கி இடுப்பும் போயிற்று. நேற்று விடியலில் குழந்தைவேலும் போனார். பொம்பளை அழவே இல்லையே என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சுவரில் சாய்ந்து அவள் தூங்கியதை நான்தான் முதலில் பார்த்தேன்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் எழுந்து ஓடினாள்.

"பாய், அவரு பேர ரெண்டு தரத்தோட நிறுத்திக்குங்க."

"இன்னாமா நீ, மூணாந்தரம் சொன்னாதான ஊரு நம்பும்," என்று ஹபீப் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"குழந்தைவேல். குழந்தைவேல். குழந்தைவேல்."

ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து "இன்னா" என்று கேட்டது.

ஹபீப் மைக்கை அணைத்தார். அருள்மொழி பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கஞ்சிக்கு அரிசி களையப் போனாள்.