பெட்டியில் பூட்டிய கடைசி ரீல்

“இன்னும் ஒரு ரீல் இருக்கே சாமி!” என்றான் ஆப்பரேட்டர் எத்தோரே.

“இருக்கட்டும். அதைப் பெட்டியிலேயே வெச்சுப் பூட்டு. படத்துல போலீஸ் வந்து விலங்கு மாட்டினதும் லைட்டைப் போட்டுடு. படம் முடிஞ்சது” என்றார் அன்செல்மோ சாமியார்.

எத்தோரே திருதிருவென்று விழித்தான். மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிறு மத்தியானம் படம் காட்ட ஆரம்பித்ததிலிருந்து அவன்தான் மெஷினைச் சுற்றுகிறான். இப்படி ஓர் உத்தரவைக் கேட்டதே இல்லை.

“சாமி, அந்தப் போலீஸே எத்தனுங்களோட ஆளுங்கதான். வாடகைக்கு எடுத்த யூனிஃபார்ம். கடைசி ரீல்ல விலங்கைக் கழட்டிக் கடல்ல எறிஞ்சுட்டு, மொத்தப் பேரும் சிரிச்சுக்கிட்டே கப்பல் ஏறிடுவாங்க. படத்தோட உயிரே அதுதான்!”

“அதனாலதான் பூட்டச் சொல்றேன்.”

“காசு குடுத்து வர்ற ஜனங்களை ஏமாத்துறதில்லையா இது? அதுவும் கோயில்ல?”

“சும்மா இரு. இன்னைக்கு சபத்தினோ வர்றான்.”

சபத்தினோவை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. அவனோடு கை குலுக்கினால், உடனே மோதிரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். நேப்பிள்ஸ் ரயில் ஸ்டேஷனில்தான் அவனுக்குத் தொழில். உள்ளூரில் கை வைக்க மாட்டான் என்று நம்பியிருந்தோம்.

போன மாதம் அந்த நம்பிக்கையும் போச்சு. விதவை அசுந்தா வீட்டுக்கு ஒரு தாடிக்காரத் துறவி வந்தார். மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த தங்கச் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து, மந்திரித்துக் கொடுத்தார். “கல்யாணத்தன்னைக்குத்தான் பிரிக்கணும்” என்றார். அசுந்தா அவர் கையை முத்தமிட்டு அனுப்பினாள். ஆசை தாங்காமல் சாயங்காலமே பிரித்துப் பார்த்தால், உள்ளே திரைச்சீலை மாட்டும் பித்தளை வளையம்!

“குரல் அவனோடதுதான்” என்று அசுந்தா தலையில் அடித்துக்கொண்டாள். போலீஸோ சாட்சி கேட்டது. சங்கிலி இல்லாமல் கல்யாணம் இல்லை என்று மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான். பெண் அழுதழுது முகம் வீங்கிக் கிடந்தாள்.

இந்த லட்சணத்தில், சாமியார் சபத்தினோவை வாசலுக்கே போய் வரவேற்று, முதல் வரிசையில் உட்கார வைத்தார். கையில் காபி வேறு.

மீன்காரி நுன்சியாவுக்குப் பொறுக்கவில்லை.

“அடிச்சவனுக்கு முதல் வரிசை, பறிகொடுத்தவளுக்குக் கடைசி வரிசையா? நல்லா இருக்கு சாமி உங்க நியாயம்!”

“கொஞ்சம் பொறும்மா” என்றார் சாமியார்.

“பொறுக்கிறேன். இவன் பக்கத்துல உட்காந்திருக்கிறவங்க பையைப் பார்த்துக்கச் சொல்லுங்க!”

சபத்தினோ எழுந்து அவளுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தான். மண்டபமே சிரித்தது.

படம் ஓடியது. மூன்று எத்தர்கள் ஒரு பிரபுவுக்கு அவருடைய மாளிகையையே விற்கிறார்கள். பூசணி விதை கொறிக்கக்கூட மறந்து ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவம், அசுந்தாவும் துக்கத்தை மறந்து சிரித்தாள்.

திடீரென்று போலீஸ் விசில். மூன்று பேர் கையிலும் விலங்கு. லைட் எரிந்தது.

சாமியார் ஒரே தாவலில் மேடை ஏறினார்.

“பார்த்தீங்களா பிள்ளைகளே! என்ன சாமர்த்தியம் இருந்து என்ன? கடைசியில கம்பிதான். அந்த மூணு பேரையும் பெத்த தாயை நினைச்சுப் பாருங்க!”

பின்வரிசையில் ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். நுன்சியாவே முந்தானையை, அதாவது மீன் வாடை வீசும் அந்த ஏப்ரனை, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சபத்தினோ முகத்தைக் கைகளில் புதைத்துக் குனிந்திருந்தான். தோள்கள் குலுங்கின.

சாமியாருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மெஷின் அறையைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எத்தோரே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சபத்தினோ கோயில் பின்னறைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து அசுந்தாவின் சங்கிலியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மகனே! எனக்குத் தெரியும். நேத்து நீ அழுததைப் பார்த்தேன்.”

“அழுதேனா? சிரிப்பை அடக்க முடியாம முகத்தை மூடிக்கிட்டேன் சாமி. அந்தப் படத்தை நேப்பிள்ஸ்ல மூணு தடவை பார்த்திருக்கேன்.”

சாமியாரின் முகம் அவர் அங்கியைவிட வெளுத்துப்போனது.

“அப்போ... கடைசி ரீல்...?”

“மனப்பாடம்.”

சாமியார் மெல்ல சங்கிலியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

“அப்புறம் ஏன்டா இதைத் திருப்பிக் குடுக்கிறே?”

சபத்தினோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். குரலில் கிண்டல் துளியும் இல்லை.

“நான் தாடி ஒட்டி, அங்கி மாட்டி, ஒத்தை அம்மாவைத்தான் ஏமாத்தினேன். நீங்க வேஷமே போடாம, டிக்கெட்டும் வித்து, ஊரையே உட்கார வெச்சு அழ வெச்சுட்டீங்க. தொழில்ல நம்மளைவிடப் பெரிய கை ஒண்ணைப் பார்த்துட்டா, காணிக்கை வெச்சுக் கும்பிட்டுட்டுப் போறதுதான் சாமி எங்க வழக்கம்!”